ஒரு நாள் சுற்றும், ஒரு நாள் சுற்றாது

ஆறு வாரங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் வீட்டுத் துணி துவைக்கும் மெஷினின் மூடியைத் திறந்து, உள்ளே தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் நிறைந்திருந்தது. நுரை இருந்தது. துணிகள் இருந்தன. இருக்கவேண்டியது எல்லாம் இருந்தது. சுற்றல் மட்டும் இல்லை.

சுத்தமாக இல்லை என்றும் சொல்ல முடியாது. 'குளுக்' என்று இந்தப் பக்கம் கொஞ்சம்... பிறகு ஒரு யோசனை... 'குளுக்' என்று அந்தப் பக்கம் கொஞ்சம். தூக்கத்தில் புரண்டு படுக்கிறவர் மாதிரி. மேலே மிதந்த என் வேலைச் சட்டை போட்ட இடத்திலேயே கிடந்தது. அதன் மடிப்பில் விழுந்த சவர்க்காரத் தூள் நனையாமல் வெள்ளையாகத் தெரிந்தது.

மெஷின் கெட்டுவிட்டது, அவ்வளவுதானே, இதில் என்ன குழப்பம் என்கிறீர்களா?

அப்படி இருந்தால் நான் ஏன் குழம்பப்போகிறேன்? இரண்டு நாளைக்கு முன் வியாழக்கிழமை, இதே மெஷின், இதே மாதிரித் துணிகளை, உள்ளே ஏதோ அடிதடி நடப்பதுபோலப் போட்டுப் புரட்டியது. புதன்கிழமை 'குளுக்'. செவ்வாய்க்கிழமை அடிதடி.

கெட்ட சாமான் கெட்டே இருக்கவேண்டும். நல்ல சாமான் நன்றாகவே இருக்கவேண்டும். கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் இருபது வருடங்களுக்கு மேலாக போர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். அது கெட்டுப்போனால் கெட்டுப்போனதுதான். மறுநாள் மனம் மாறி ஓடியதாகச் சரித்திரம் இல்லை.

துணி துவைப்பது எப்போது என் இலாகா ஆனது என்று சொல்லவேண்டும்.

என் மனைவி மல்லிகா ஒரு பள்ளிக்கூட கேண்டீனில் சமையல் செய்கிறவள். நாலு மாதங்களுக்கு முன், கேண்டீனின் ஈரத் தரையில் வழுக்கி வலது கையை ஊன்றி விழுந்தாள். தோளுக்குக் கொஞ்சம் கீழே எலும்பு முறிந்துவிட்டது. அரசாங்க ஆஸ்பத்திரியில் உள்ளே தகடு வைத்து, ஸ்குரு போட்டு முடுக்கி அனுப்பினார்கள். வாளி தூக்கக்கூடாது, துணி கசக்கிப் பிழியக்கூடாது, தகடு அசைந்தால் மறுபடி கத்தி வைக்கவேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"இனிமே துணி என் பொறுப்பு. நீ அந்தப் பக்கமே வராதே" என்றேன்.

சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது. நாலாவது மாடி வராந்தாவில் நின்று, மல்லிகாவின் உள்ளுடைகளைக் காயப்போடும்போதுதான் கஷ்டம் தெரிந்தது. எதிர் பிளாக்கில் யாராவது வெளியே வந்தால், கிளிப்பைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடுவேன். அவர்கள் போனதும் மறுபடி வெளியே. ஒரு வாளித் துணி காயப்போட முக்கால் மணி நேரம் ஆகும்.

கீழே காசு போட்டுத் துவைக்கிற டோபிக் கடை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. மூன்று பக்கமும் கண்ணாடிச் சுவர். உள்ளே நடப்பது ரோடு முழுக்கத் தெரியும். நான் அதற்குள் போய் உட்காருவேனா?

ஆகவே, வீட்டு மெஷின்தான் எனக்குக் கதி.

அது வாங்கி எட்டு வருடமாகிறது. மேலே ஆறு பட்டன்கள் ஒரே வரிசையில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கீழே எழுத்து இருந்தது. மல்லிகாவின் ஈரக் கை பட்டுப் பட்டு எல்லாம் தேய்ந்துபோய்விட்டது. அவளுக்கு எழுத்து வேண்டியதில்லை, விரல் தானாகப் போய்விடும். எனக்கு? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் அவளே ஒரு வழி செய்தாள். தன் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து ஒரு சிவப்புப் பொட்டை எடுத்து ஒரு பட்டன்மேல் ஒட்டினாள்.

"பொட்டு இருக்கிறத அமுக்குங்க. அப்புறம் ஓரத்துல பெருசா இருக்கே, அத அமுக்குங்க. வேற எதையும் தொட்டுடாதீங்க."

இவ்வளவுதான் பாடம். நானும் வேறு எதையும் தொடவில்லை. கொஞ்ச காலம் எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. பிறகுதான் இந்தக் 'குளுக்' ஆரம்பித்தது.

முதலில் மகளுக்குப் போன் செய்தேன். கவிதா ஜொகூரில் வேலை செய்கிறாள்.

"ஓவர்லோடு பண்றீங்கப்பா. பாதித் துணி போடுங்க. தூளையும் கொறைங்க. நொர அதிகமானாலும் சுத்தாதாம்."

பாதித் துணி போட்டேன். தூளையும் பாதியாக்கினேன். பிரமாதமாகச் சுற்றியது. மறுநாளும் பாதித் துணி, பாதித் தூள்... 'குளுக்'. கால்வாசித் துணி போட்டேன். 'குளுக்'. ஒரே ஒரு சட்டையைப் போட்டுப் பார்த்தேன். அது நடுவில் மிதந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்து குணா. எங்களுக்கு நேர் கீழே, மூன்றாவது மாடியில் இருக்கிறார். காடி, அதாவது கார் ஓட்டுகிறார், வாடகைக்கு. ஏறி உட்காருகிற ஆட்களிடம் பேசிப் பேசி உலகத்தில் எல்லா விஷயமும் அவருக்குத் தெரியும்.

"பெல்ட்டு லா, அண்ணே. பெல்ட்டு லூசாயிருச்சு. மோட்டார் சுத்தும், தொட்டி சுத்தாது."

சொன்ன விதத்தில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொம்யூட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸ் வரை போய், தெரிந்த கடையில் ஒரு பெல்ட் வாங்கி, வளையல் மாதிரி கையில் மாட்டிக்கொண்டு வந்தேன். இருவரும் மெஷினைச் சுவரிலிருந்து இழுத்து, பின்பக்கத் தகட்டைக் கழற்றினோம். பழைய பெல்ட் விரலால் அழுத்தினால்கூட அசையாமல் விறைப்பாக இருந்தது. புதுப் பெல்ட் ஒரு சாண் சின்னது.

"நல்லாத்தானே இருக்கு, குணா."

"அப்போ கபாசிட்டர்."

"அது என்னா?"

"அது... உள்ள இருக்கும் லா, அண்ணே."

"எங்க?"

"உள்ளதான்."

நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தோம். பிறகு தகட்டை மூடினோம்.

அதோடு விடாமல், தொட்டியின் அடியில் சுற்றும் தட்டையும் கழற்றிப் பார்த்தேன். இரண்டு இருபது காசு, ஒரு கொண்டை ஊசி, ஒரு சட்டைப் பித்தான், எப்போதோ காணாமல்போன என் ஒற்றை சாக்ஸ் எல்லாம் கிடைத்தன. இதுதான் காரணம் என்று தீர்மானித்து, சுத்தம் செய்து மாட்டினேன். மறுநாள் மெஷின் சிங்கம் மாதிரி ஓடியது. குணாவை டீக்கடைக்கு அழைத்துப்போய் தே தாரே வாங்கிக் கொடுத்தேன்.

அதற்கு மறுநாள்? அதேதான்... 'குளுக்'.

இதற்குமேல் மூளைக்கு எட்டவில்லை. சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் எழுதிவைக்க ஆரம்பித்தேன். ஓடினால் ஒரு சரி, ஓடாவிட்டால் ஒரு பெருக்கல். இரண்டு வாரத்தில் காலண்டர் வாத்தியார் திருத்திய கணக்கு நோட்டு மாதிரி ஆகிவிட்டது. குணா அதன்முன் நின்று வெகு நேரம் ஆராய்ச்சி செய்தார்.

"அண்ணே, கவனிச்சீங்களா? செவ்வாய், வெள்ளி நல்லா ஓடியிருக்கு. சாமி நாள் லா."

"போன வெள்ளி பெருக்கல் போட்டிருக்கே?"

"அன்னிக்கு நீங்க கறி சாப்பிட்டிருப்பீங்க."

சிரிக்காதீர்கள். அன்று என்ன சாப்பிட்டேன் என்று நான் உண்மையாகவே யோசித்தேன்.

இதையெல்லாம் வேடிக்கையாக எழுதுகிறேன். ஆனால் ஒரு நாள் சாயந்திரம் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது, குளியலறையிலிருந்து 'சரக் சரக்' என்று பிரஷ் சத்தம் கேட்டது.

மல்லிகா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். என் வேலைச் சட்டை தரையில் விரிந்து கிடந்தது. இடது கையில் பிரஷ். தகடு வைத்த வலது கையால் சட்டையை அழுத்திப் பிடித்திருந்தாள்.

"என்னா பண்ற?"

"காலர் மட்டுந்தாங்க. உங்க மெஷின்தான் காலரத் தொடவே மாட்டேங்குதே."

"டாக்டர் என்னா சொன்னாங்க?"

"பிழியக்கூடாதுன்னாங்க. தேய்க்கக்கூடாதுன்னு சொல்லல."

பிரஷ்ஷைப் பிடுங்கினேன். அவள் விடவில்லை. கொஞ்ச நேரம் அந்தப் பிரஷ்ஷை வைத்து இருவரும் இழுத்துக்கொண்டிருந்தோம்.

"புது மெஷின் வாங்கிடுவோம்" என்றேன்.

"மெஷின் கெட்டிருக்கா, உங்களுக்குப் போடத் தெரியலியா... மொதல்ல அதப் பாருங்க. சனிக்கிழம வரைக்கும் பொறுப்பேன். அதுக்குள்ள சரியாகலேன்னா நான் பாட்டுக்கு வாளியில ஊறப்போட்டுக் கசக்கிடுவேன். எண்ணெய் நாத்தத்தோட நீங்க வேலைக்குப் போறத என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியாது."

அவள் சொன்னால் செய்கிறவள். உள்ளே இருக்கும் தகட்டையும் ஸ்குருக்களையும் நினைத்தேன். சனிக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது.

தெரியாதவருக்குப் போன் போட்டுப் பேசுவது எனக்கு மலையேறுகிற வேலை. என்ன பேசவேண்டும் என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டுதான் கூப்பிடுவேன். தாளை எழுத ஒரு நாள், கூப்பிட இன்னொரு நாள் ஆனது. ஒருவழியாக, சேகர் என்கிற மெக்கானிக் சனிக்கிழமை காலை பந்திங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு பட்டனை அமுக்கி மெஷினை ஓடவிட்டார்.

அடிதடி. தண்ணீர் வெளியே தெறித்தது.

"இதுல என்னாண்ணே கம்ப்ளேன்?"

"நேத்து ஓடல."

"நேத்து ஓடலியா? இல்ல, இன்னிக்கு என்னப் பார்த்ததும் பயந்துக்கிட்டு ஓடுதா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. சேகர் நிறுத்தி, மறுபடி ஓடவிட்டார். ஓடியது. பின்பக்கம் திறந்து பெல்ட்டைப் பார்த்தார். எனக்கும் குணாவுக்கும் தென்படாத கபாசிட்டரை ஒரே விநாடியில் கண்டுபிடித்து, ஏதோ மீட்டரை வைத்துப் பார்த்தார். மறுபடி ஓடவிட்டார். மெஷின் வெட்கமே இல்லாமல் ஓடியது.

"மெஷின்ல ஒன்னும் இல்லண்ணே."

"இல்ல, சேகர். நாளைக்குப் பாருங்க, ஓடாது."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு, "சரி, நீங்க எப்படிப் போடுவீங்க? நான் இங்க இல்லேன்னு நெனச்சிக்கிட்டுப் போட்டுக் காமிங்க" என்றார்.

துணியைப் போட்டேன். தூளைப் போட்டேன். பொட்டை அமுக்கினேன். ஓரத்துப் பெரிய பட்டனை அமுக்கினேன். தண்ணீர் நிறைந்தது.

குளுக்... யோசனை... குளுக்.

"பார்த்தீங்களா" என்றேன். இத்தனை நாளில் அன்றுதான் அந்தச் சத்தம் எனக்கு இனிமையாக இருந்தது.

சேகர் குனிந்தார். "அண்ணே, இப்ப எத அமுக்குனீங்க?"

"பொட்ட."

"என்னாது?"

"பொட்டு ஒட்டியிருக்கிற பட்டன."

அவர் மேல் சட்டையிலிருந்து ஒரு சின்ன டார்ச்சை எடுத்து வரிசைமேல் அடித்தார். மெஷின் இருக்கும் குளியலறை வாசல் எப்போதும் கொஞ்சம் இருட்டுத்தான். அந்த வெளிச்சத்தில் நானும் குனிந்து பார்த்தேன். ஐந்தாவது பட்டனில் ஒரு சிவப்புப் பொட்டு, பளிச்சென்று. இரண்டாவது பட்டனில் இன்னொன்று, நிறம் வெளுத்து. நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே ஒன்று, பாதி உரிந்து.

"எந்தப் பொட்டுண்ணே?" என்றார் சேகர்.

பொட்டைத் தேடியிருக்கிறேன். பளிச்சென்று எது கண்ணில் பட்டதோ அதை அமுக்கியிருக்கிறேன். எத்தனையாவது பட்டன் என்று ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அதுதான் அடையாளம் இருக்கிறதே, எதற்கு எண்ணவேண்டும்?

"ரெண்டாவதுதான் சாதாரணத் துணிக்கு. அஞ்சாவது பட்டுத் துணி, மெல்லிசுத் துணிக்கு. நூல் அறுந்துடாம இருக்க, தொட்டில்ல போட்டு ஆட்டுற மாதிரி ஆட்டும். அண்ணே... பட்டுச் சேல துவைக்கிறதுல போர்க்லிஃப்ட் சட்டையப் போட்டு எடுத்திருக்கீங்க."

அவரால் அதற்குமேல் பேச முடியவில்லை. கவிழ்த்துவைத்த வாளிமேல் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கொஞ்சம் மூச்சு வந்ததும், "அக்கா, ஒரு நிமிஷம் இங்க வாங்க" என்று கூப்பிட்டார்.

மல்லிகா வந்தாள். டார்ச் வெளிச்சத்தில் மூன்று பொட்டுகளையும் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"குளிக்கப் போறப்ப எடுத்து ஒட்டுறதுங்க. பழக்கம். கை தானா ஒட்டிடுது."

"இதுல எது மெஷினோடது, எது உங்களோடதுக்கா?"

"யாருக்குத் தெரியும்? ஒரு நாளு கோயிலுக்கு அவசரமாக் கெளம்புனப்ப, இதுலேர்ந்துதான் ஒன்ன எடுத்து வெச்சிக்கிட்டுப் போனேன்."

அதாவது, நான் நம்பிக்கொண்டிருந்த அடையாளம் என் மனைவியின் நெற்றியில் ஏறி மாரியம்மன் கோயிலுக்குப் போய், பிரகாரம் சுற்றி, வேறொரு பட்டனில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அது இரண்டாவது பட்டனில் உட்கார்ந்த அன்று சரி. ஐந்தாவதில் உட்கார்ந்த அன்று பெருக்கல். இதைத்தான் நானும் குணாவும் காலண்டர் வைத்து ஆராய்ந்தோம்.

சேகர் எல்லாப் பொட்டையும் உரித்துவிட்டு, இரண்டாவது பட்டனில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டினார். காசு வேண்டாம் என்றுவிட்டார். "பந்திங்ல போய் இதச் சொல்றதே போதும்ணே" என்றார். அவர் மோட்டார் சைக்கிள் கீழே கிளம்பும்வரை அவர் சிரிப்பு மாடிப்படியில் கேட்டது.

இத்தோடு விஷயம் முடிந்திருக்கவேண்டும். அதுதானே நியாயம்? மெஷின் சரி, காலர் சரி, மல்லிகா இனி பிரஷ்ஷைத் தொடவேண்டியதில்லை.

ஆனால் முகம் கழுவக் குளியலறைக்குள் போனபோது, கண்ணாடி கண்ணில் பட்டது.

எங்கள் குளியலறைக் கண்ணாடியின் ஓரம் முழுக்கப் பொட்டுகள். கல்யாணமாகி இருபத்தேழு வருடங்களாக நான் அவற்றுக்கு நடுவில்தான் முகச்சவரம் செய்துகொள்கிறேன். குளிக்கப் போகும்போது அவள் ஒட்டுவது அங்கேதான். பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான் இருக்கும். அன்று பார்த்தேன்... எல்லாம் பழைய பொட்டுகள். ஓரம் கறுத்து, சவர்க்காரத் தண்ணீர் தெறித்துக் காய்ந்திருந்தன. புதிதாக ஒன்றுகூட இல்லை.

பழக்கம் என்றாளே. எட்டு வருடம் மெஷின் அதே இடத்தில்தான் இருக்கிறது. நாலு மாதத்துக்கு முன்னால் ஏன் அதில் ஒரு பொட்டும் இல்லை?

"மல்லிகா, பொட்ட இப்ப எங்க ஒட்டுற, எப்படி ஒட்டுற? காமி."

"ஏன், அதுக்கு ஒரு மெக்கானிக்கா? அடுப்புல கொழம்பு இருக்குங்க."

"காமி."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். மெஷின்முன் நின்றாள். வலது முழங்கையை மூடிமேல் ஊன்றினாள். பிறகு உடம்பை வளைத்து, தலையைக் கீழே கொண்டுவந்தாள். கை நெற்றிக்குப் போகவில்லை. நெற்றிதான் கைக்கு வந்தது. பொட்டை எடுத்து, ஊன்றிய கையை எடுக்காமலே, விரல் எட்டிய பட்டனில் ஒட்டினாள்.

"கையத் தூக்கு."

"தூக்க வரும்ங்க."

"தூக்கு."

தோள் உயரத்துக்கு வந்தது. அங்கேயே நின்றது. அதற்குமேல் அவள் தூக்கியது கையை அல்ல... தோளோடு சேர்ந்து உடம்பே ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"இடது கையால வெச்சிருக்கலாமே?" என்றேன்.

"பொட்ட யாராவது இடது கையால வெப்பாங்களா?"

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது. இரண்டு மாதமாக அவள் தலைமுடியைக் குணாவின் மனைவி பின்னிவிடுகிறாள். பகலில் நான் இல்லாதபோது. ஆஸ்பத்திரியில் கையை மேலே தூக்கிப் பழகும் பயிற்சிக்கு வாரம் ஒரு நாள் வரச்சொன்னார்கள். இரண்டு முறை போயிருக்கிறாள். வலி தாங்கவில்லை. அதற்குப் பிறகு, பயிற்சிக்கு என்று பஸ் ஏறியவள் கோயிலில் போய் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறாள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா எம்.சி. லீவ நீட்டிப்பாங்க. கேண்டீன் நடத்துற அக்கா அடுத்த ஸ்கூல் லீவு வரைக்குந்தான் எடத்த வெச்சிருக்கேன்னு சொன்னாங்க. அதுக்குமேல வேற ஆளப் போட்டுடுவாங்க. கை சரியாயிடுச்சுன்னு நான் சொல்லிட்டேன்."

"சரியாகலியே."

"போகப் போக ஆகும்ங்க. கரண்டி புடிக்க எதுக்குக் கைய மேல தூக்கணும்?"

பெல்ட்டைப் பார்த்திருக்கிறேன். தொட்டிக்கு அடியில் கையை விட்டிருக்கிறேன். எந்த நாள் ஓடியது, எந்த நாள் ஓடவில்லை என்று எழுதிவைத்திருக்கிறேன். ஒரே வீட்டில் இரண்டு மாதமாக ஒருத்தி குனிந்து குனிந்து பொட்டு வைத்திருக்கிறாள். அதற்கு நான் ஒரு பெருக்கல்கூடப் போடவில்லை.

போன புதன்கிழமை அவளுக்கு டாக்டரைப் பார்க்கும் நாள்.

ஒவ்வொரு முறையும் நான்தான் கூட்டிப்போவேன். கூட்டிப்போய் வெளியே நிற்பேன். உள்ளே போனால் டாக்டர் ஏதாவது கேட்பார், மலாயில் பதில் சொல்லவேண்டும், எல்லாரும் நம்மைப் பார்ப்பார்கள்... எதற்கு? வெளியே தண்ணீர் போத்தல் விற்கும் மெஷின் பக்கத்தில் நின்றுகொள்வேன். அவள் வந்து, "எல்லாம் ஓக்கே" என்பாள். கிளம்பிவிடுவோம்.

இந்த முறை அவள் பேரைக் கூப்பிட்டதும் நானும் எழுந்தேன்.

"நீங்க எதுக்கு? வெளிய உட்காருங்க" என்றாள் மல்லிகா.

பின்னாலேயே போனேன். இருந்த ஒரே நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். நான் கதவோரம் நின்றேன்.

டாக்டர் இளவயது மலாய்ப் பெண். எக்ஸ்ரேயைப் பார்த்து, எலும்பு நன்றாகச் சேர்ந்திருக்கிறது என்றார். வலி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள் மல்லிகா. பயிற்சியெல்லாம் செய்கிறீர்களா, மக்சிக் என்று அத்தை முறை சொல்லிக் கேட்டார்.

"புவாட், டாக்டர். ஹாரி-ஹாரி புவாட்." செய்கிறேன், தினமும் செய்கிறேன். சிரித்த முகத்தோடு சொன்னாள்.

டாக்டர் எழுத ஆரம்பித்தார். பேனா தாளில் ஓடியது. இன்னும் இரண்டு வரி எழுதிவிட்டால் முடிந்தது. கேண்டீனில் வேலை இருக்கும். கை அங்கேயே நின்றுவிடும்.

"டிடாக், டாக்டர்" என்றது ஒரு குரல்.

என் குரல்தான். டாக்டர் நிமிர்ந்தார். தாளில் எழுதிவைத்துக்கொண்டு வரவில்லை.

"டியா திப்பு" என்றேன். இல்லை டாக்டர், இவள் பொய் சொல்கிறாள். "டாங்ஙான் தா நாயேக்." கை மேலே போவதில்லை.

மல்லிகா திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதமாட்டேன்.

டாக்டர் எழுந்து வந்தார். கையைத் தூக்கச் சொன்னார். தோள் உயரத்தில் நின்றது. அவரே முழங்கையைப் பிடித்து இன்னும் கொஞ்சம் மேலே தள்ளிப் பார்த்தார். மல்லிகா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

தோள் இறுகிப்போயிருக்கிறது என்றார் டாக்டர். இன்னும் சில மாதம் விட்டிருந்தால் அப்படியே நின்றிருக்கும். இப்போதும் நேரம் இருக்கிறது, ஆனால் வாரம் மூன்று நாள் வரவேண்டும். வலிக்கத்தான் செய்யும், வந்துதான் ஆகவேண்டும். கேண்டீனுக்கு ஒரு கடிதம் கொடுத்தார். உட்கார்ந்து காய் நறுக்கலாம், பானை தூக்கக்கூடாது என்று. அதைப் படித்துவிட்டு கேண்டீன் அக்கா என்ன சொல்வாள், மல்லிகாவின் இடம் இருக்குமா, இருக்காதா... இதை எழுதும்வரை எனக்குத் தெரியாது. கடிதம் இன்னும் அவள் கைப்பையில்தான் இருக்கிறது.

அன்றே பயிற்சி அறைக்கு அனுப்பினார்கள். அங்கேயும் உள்ளே போய் நின்றேன். ஒரு மணி நேரம். அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நடைபாதையில் பேசவில்லை. லிஃப்டில் பேசவில்லை. மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடம் வந்ததும்தான் வாய் திறந்தாள்.

"இருபத்தேழு வருஷம். நம்ம கல்யாணத்துல நீங்க பேசல. மக ஸ்கூல்ல டீச்சர் கூப்பிட்டப்ப பேசல. சம்பளம் கொறச்சிக் குடுத்தப்பகூட மொதலாளிகிட்டப் பேசல. இன்னிக்குப் பேசுனீங்க. அதுவும் பொண்டாட்டியக் காட்டிக் குடுக்க."

நான் ஹெல்மெட்டை எடுத்து அவள் தலையில் மாட்டி, தாடைக்குக் கீழே பட்டியைப் பூட்டினேன். அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆனால் பூட்டி முடிக்கும்வரை தலையை அசைக்கவில்லை.

மோட்டார் சைக்கிளைக் கிளப்பினேன். ஒரு மனிதன் ஒரு நாளைக்கு ஒரு தடவை பேசினால் போதாதா?